சிவப்பு நாளுக்கு ஆள் இல்லை

சிறைகளில் எந்த நாளைக்கு எத்தனை காவலர்கள் தேவைப்படுவார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது சில வருடங்கள் என் வேலையாக இருந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். "ஜெயிலுக்கு ஜோசியமா?" என்று என் கணவர் முதல் நாளே கேட்டார். ஜோசியம் இல்லை. மருத்துவமனையில் எந்தக் கிழமை எத்தனை நர்ஸ் வேண்டும், பஸ் டிப்போவில் எந்த மாதம் எத்தனை டிரைவர் வேண்டும் என்று பழைய தரவுகளைப் பார்த்துச் சொல்வது போலத்தான் இதுவும். நான் மதுரையில் புள்ளியியல் படித்தவள். கல்யாணமாகி ஹைதராபாத் வந்து, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் குடியேறி, நாலைந்து கம்பெனி மாறி, கடைசியில் கொண்டாப்பூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். சிறை ஒப்பந்தம் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. எந்தச் சிறை, எந்த அதிகாரி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே இன்னும் டியூட்டி பார்க்கிறவர்களுக்குத்தான் தொந்தரவு. பொறுப்பில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

தரவுகள் கம்ப்யூட்டரில் கொஞ்சம், செல்போனில் எடுத்த படங்களாகக் கொஞ்சம் வந்தன. தினமும் உள்ளே எத்தனை பேர், புதிதாக வந்தவர்கள் எத்தனை, ஜாமீனில் போனவர்கள் எத்தனை, கோர்ட்டுக்கு எத்தனை பேரைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரிக்கு எத்தனை, டியூட்டியில் இருந்த வார்டர்கள் எத்தனை. இதையெல்லாம் ஒழுங்குபடுத்தவே மாதக்கணக்கில் ஆயிற்று. பெண்கள் பிரிவின் எண்களில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. உள்ளே இருக்கிற பெண்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போனார்கள். வார்டர்கள் எண்ணிக்கை மட்டும் அசையவில்லை. யாரோ ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டு அனுப்பிவிட்டார்களோ என்று நினைத்தேன். நேரில் பார்க்க அனுமதி கேட்டேன். பெண் என்பதால் கிடைத்தது.

அங்கேதான் தலைமை வார்டரைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, காக்கிச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. வாசலில் என் கைப்பையைச் சோதித்தபோது உள்ளே இருந்த டிபன் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"புளியோதரையா?" என்றார், தமிழில்.

நான் ஆச்சரியப்பட்டு, "நீங்க தமிழா?" என்றேன்.

"ஹவ், தமிழ்தான். வெள்ளைக்காரன் இருந்தப்பவே ஆற்காடு பக்கத்துலேந்து சிகந்தராபாத் வந்து சேர்ந்த குடும்பம். இப்ப அல்வால்ல இருக்கோம். கைக்கு கேக்கறீங்க, மூஞ்சியப் பாத்தா தெரியலையா?"

அவர் தமிழில் தெலுங்கும் தக்கினி இந்தியும் கலந்து கிடந்தன; ஆமாம் என்பதற்கு 'ஹவ்', ஏன் என்பதற்கு 'கைக்கு'. என் மதுரைத் தமிழைக் கேட்டு அவர் சிரித்தார், அவருடையதைக் கேட்டு நான் சிரித்தேன். அன்றைக்கே அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். மற்றவர்கள் முன்னால் அவர் என்னை மேடம் என்பார். தனியாக இருக்கும்போது வாம்மா, போம்மா.

எண்ணில் தப்பு இல்லை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அந்தக் கட்டடம் கட்டின காலத்தில் எத்தனை பெண் வார்டர் பணியிடங்கள் ஒதுக்கினார்களோ அதுதான் இன்றைக்கும் கணக்கு. அதிலும் பாதி காலி. இருந்தவர்களில் சிலர் 'வேறு பணி'யில் இருந்தார்கள். வேறு பணி என்றால் என்ன என்று கேட்டதற்கு அக்கா, "பெரிய ஆபீசருங்க வீட்ல சமையல்" என்று சொல்லிவிட்டு, "எழுதிக்காத" என்றார்.

கொட்டடியில் பெண்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். படுப்பதற்கு முறை வைத்திருந்தார்கள். ஒரு பாதி படுக்கும்போது மறு பாதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். ஒற்றைக் குழாயடியில் தகராறு. ஒரு மூலையில் இரண்டு குழந்தைகள். கதவுக்கு இந்தப் பக்கம் அக்காவும், வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத இன்னொரு வார்டரும் மட்டும். புதிதாக வருகிறவளைச் சோதனை போட, கோர்ட்டுக்குக் கூட்டிப்போக, ஆஸ்பத்திரிக்குத் துணை போக, உறவினர் வந்து பார்க்கும் முலாக்காத் நேரத்தில் நிற்க, எல்லாவற்றுக்கும் பெண் வார்டர்தான் வேண்டும். ஆண்கள் பக்கத்திலிருந்து ஆள் கடன் வாங்க முடியாது.

"எப்படி அக்கா சமாளிக்கிறீங்க?"

"சமாளிக்கலையே. எங்க சமாளிக்கறோம்? ஒண்ணும் நடக்கலைன்னா சமாளிச்சோம்னு பேரு. அவ்ளோதான்."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் வெறியோடு வேலை செய்தேன். கணிப்பு நன்றாக வந்தது, பெருமைக்குச் சொல்லவில்லை. பண்டிகைக்கு முன்னால் திருட்டு வழக்குகளில் பெண்கள் அதிகம் வருவார்கள். கோடையில் தண்ணீர் குறையும், நோய் கூடும், ஆஸ்பத்திரிப் போக்குவரத்து இரட்டிப்பாகும். கோர்ட் விடுமுறை முடிந்து திறக்கிற முதல் நாள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையில் விழும். இதையெல்லாம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட முடிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிய வந்தது. கோர்ட்டுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாத நாட்களில் வழக்கு வாய்தா போடப்பட்டது. வாய்தா போட்டால் அந்தப் பெண் இன்னும் சில வாரம் உள்ளே. அவள் உள்ளேயே இருப்பதால் நெரிசல். நெரிசல் கூடினால் இருக்கிற ஆள் கொட்டடியைக் காக்கவே போதாது, கோர்ட்டுக்கு அனுப்ப ஆள் இன்னும் குறையும். திரும்பவும் வாய்தா. சிறை நிரம்பி வழிவதற்குக் குற்றம் பெருகியது மட்டும் காரணமில்லை. கூட்டிப்போக ஆள் இல்லாததாலேயே உள்ளே கிடந்தவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். இதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதினேன்.

எங்கள் நிறுவனத் தலைவர் என்னைவிட இளையவர், வெளிநாட்டில் படித்தவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். படித்துவிட்டு, "அருமை. ஆனா நெரிசல் ஏன்னு அவங்க கேக்கல. என்னைக்கு எத்தனை பேர்னுதான் கேட்டாங்க" என்றார். முதல் பக்கம் கடைசிப் பக்கத்துக்குப் போயிற்று. பிறகு அங்கிருந்தும் போயிற்று.

அறிக்கையை விளக்கச் சிறைத்துறை அதிகாரியிடம் போனோம். மரியாதையான மனிதர். டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வரவழைத்தார். என் வரைபடங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். நான் சொன்னதை அவர் புரிந்துகொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்.

"மேடம், இவ்வளவு ஆள் வேணும்னு நான் மேல எழுதினா நிதித்துறை என்ன கேக்கும் தெரியுமா? இத்தனை வருஷம் எப்படி நடத்தினீங்கன்னு கேக்கும். நடத்திட்டோமே! அப்ப தேவையில்லைன்னுதானே அர்த்தம்?"

"சார், நடத்தலையே. வாய்தா எண்ணிக்கையைப் பாருங்க."

"அது கோர்ட் விஷயம்." பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "பற்றாக்குறைன்னு காட்டாதீங்க. அபாயம்னு காட்டுங்க. எந்த நாள் கஷ்டமான நாள்னு முன்னாடியே தெரிஞ்சா ஸ்டாஃப் உஷாரா இருப்பாங்க, இல்லையா?"

தலைவர் உடனே தலையாட்டினார். அந்த அறையிலேயே என் கணிப்பு வேறொன்றாக மாறிவிட்டது. எத்தனை பேர் தேவை என்பதற்குப் பதிலாக நாளுக்கு ஒரு நிறம். பச்சை, மஞ்சள், சிவப்பு. காலையில் டியூட்டி மாறும்போது ஒவ்வொரு பிரிவின் தலைமை வார்டருக்கும் ஒரு சின்னத் திரையில் அன்றைய நிறம் வரும். கீழே 'புரிந்தது' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால்தான் வருகைப்பதிவே திறக்கும்.

நான் ஒன்றுக்காக மட்டும் சண்டை போட்டேன். நிறத்துக்குக் கீழே 'தேவை இத்தனை பேர், இருப்பது இத்தனை பேர்' என்று ஒரு வரி இருக்க வேண்டும் என்றேன். நிறத்தை மட்டும் காட்டினால் அது வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிடும். மழை வந்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எண் இருந்தால் ஆள் கொடுக்காதது யார் என்ற கேள்வி என்றைக்காவது வரும். வாரக்கணக்கில் வாதாடினேன். வேலையை விட்டுவிடுவேன் என்றுகூடச் சொன்னேன். கடைசியில் அந்த வரியைச் சின்ன எழுத்தில் விட்டுவைத்தார்கள். நான் ஜெயித்ததாக நினைத்து அன்று வீட்டுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனேன். என் மகள், "வாட் ஆர் வீ செலிபரேட்டிங்?" என்றாள். "ஒரு வரியை" என்றேன். அவளுக்குத் தமிழ் புரியும், பேசத்தான் மாட்டாள். ஒன்றும் கேட்காமல் கேக்கைத் தின்றாள்.

திரைகள் வந்தன. பயிற்சி கொடுக்க நானே போனேன். அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"சிவப்பு வந்தா ஆள் குடுப்பாங்களா?"

"குடுக்கணும் அக்கா."

"குடுக்கணுமா, குடுப்பாங்களா?"

நான் 'புரிந்தது' பொத்தானைக் காட்டினேன். அவரும் விட்டுவிட்டார். விரலால் பொத்தானை அழுத்திப் பார்த்து, "இது நல்லா இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு குடு. நான் சொல்றதுக்கெல்லாம் புரிஞ்சுதுன்னு அமுக்கட்டும்" என்று சிரித்தார். அவர் கணவர் ராணுவப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டன. காலை டியூட்டிக்கு வருமுன் அக்கா அவருக்குக் கண் சொட்டு விட்டு, இன்சுலின் போட்டு, மத்தியானச் சாப்பாட்டைக் கை எட்டும் இடத்தில் எடுத்து வைத்துவிட்டு வருவார்.

முதல் சில மாதங்கள் சிவப்பு வந்தபோதெல்லாம் நான் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போன் செய்வேன். "நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்" என்பார்கள். ஒருமுறைகூட ஆள் போகவில்லை. அந்த நாட்களில் ஒன்றும் நடக்கவும் இல்லை. அக்கா சொன்ன மாதிரி, சமாளித்ததாகப் பேர்.

தசரா விடுமுறை முடிந்து கோர்ட் திறந்த நாள். அந்த நாள் எப்படி இருக்கும் என்று ஒரு வாரமாகவே எனக்குத் தெரியும். காலையில் என் கணினியிலும் பார்த்தேன். பெண்கள் பிரிவு சிவப்பு. தேவை நான்கு பேர், இருப்பது இரண்டு பேர். வழக்கம்போலப் போன் செய்தேன். நோட் பண்ணிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். காலையிலேயே மூன்று பெண்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அதற்குப் பெண் போலீஸ் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள், வரவில்லை. இளைய வார்டரை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அவள் போனாள். அக்கா தனியாளானார். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், கொட்டடிக்குள் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்தது. வேலை செய்த வீட்டில் வளையல் திருடியதாக வழக்கு, சின்ன வயசுப் பெண். அவளுக்கு முன்பும் வலிப்பு வந்திருக்கிறது, சில நிமிடத்தில் அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. நின்று நின்று மறுபடி வந்தது. முகம் நீலம் பாய்ந்துவிட்டது. சிறை டாக்டர் லீவு. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் பெண் காவல் இல்லாமல் பெண் கைதியை வெளியே அனுப்பக் கூடாது. பெண் காவல் என்றால் அங்கே அக்கா ஒருவர்தான். அவர் போனால் கொட்டடிக்கு யாரும் இல்லை.

"எல்லாருக்கும் போன் போட்டேம்மா. ஒருத்தர் மீட்டிங்குல இருக்காராம். இன்னொருத்தர், ஆள் அனுப்பறேன், வெயிட் பண்ணுங்கறார். அந்தப் பொண்ணு வாயிலேந்து நுரை தள்ளுது. ஆம்புலன்ஸ்காரன் போகவா இருக்கவாங்கறான். என்ன பண்ணுவேன்?"

கொட்டடியைப் பூட்டினார். சாவியைப் பெரிய வாசலில் இருந்த காவலரிடம் கொடுத்தார். ஆம்புலன்ஸில் ஏறிவிட்டார்.

அந்தப் பெண் பிழைத்தாள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதே நேரம் இங்கே குழாயடியில் சண்டை வந்தது. தள்ளுமுள்ளில் வயதான கைதி ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. உள்ளே இருந்த பெண்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வாசல் காவலர் ஆண் என்பதால் தனியாகத் திறந்துகொண்டு உள்ளே போகக் கூடாது. கோர்ட்டிலிருந்து இளைய வார்டர் திரும்பி வந்துதான் கதவு திறந்தது.

மறுநாள் அக்காவை சஸ்பெண்ட் செய்தார்கள். பணியிடத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறியது குற்றம்.

எனக்குக் கோபம் வந்தாலும் கூடவே ஒரு தைரியமும் இருந்தது. என் வரி இருக்கிறதே! தேவை நான்கு, இருப்பது இரண்டு. அன்று காலையிலேயே அது திரையில் இருந்தது. போன் செய்து சொன்னதற்கு நான் சாட்சி. விசாரணையில் இதைக் காட்டினால் யார் பேரில் தப்பு என்று தெரிந்துவிடும். தொழில்நுட்பச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டபோது நான் சந்தோஷப்பட்டேன். தலைவர் கூப்பிட்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டுப் போனேன். மனதுக்குள் அப்படி நினைக்கவில்லை.

ஒரு நீளமான அறை. விசாரணை அதிகாரி ஒருவர், தட்டச்சு செய்ய ஒருவர். அக்கா சுவரோரம் நாற்காலியில் சாதாரணச் சேலையில் உட்கார்ந்திருந்தார். காக்கி இல்லாமல் அவரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உருவம் சிறுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அன்று காலை எச்சரிக்கை அனுப்பப்பட்டதா?" என்றார் அதிகாரி.

"அனுப்பப்பட்டது."

"இவருக்குக் கிடைத்ததா?"

"கிடைத்தது."

"புரிந்தது என்று பதிவு செய்தாரா?"

"அதை அழுத்தாவிட்டால் வருகைப்பதிவே திறக்காது சார். அழுத்தித்தான் ஆக வேண்டும்."

"அழுத்தினாரா, இல்லையா?"

"அழுத்தினார்."

தட்டச்சு ஓசை ஓய்வதற்காகக் காத்திருந்து, என்னுடைய வரியை அவரே எடுத்தார். "அந்தத் திரையில் இருப்பது இரண்டே பேர் என்றும் காட்டியிருந்ததா?"

"ஆமாம் சார். தேவை நான்கு என்றும்..."

"ஆக, அபாயமான நாள் என்று இவருக்குத் தெரியும். இரண்டே பேர்தான் என்றும் தெரியும். அதில் ஒருவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார் என்றும் தெரியும். அத்தனையும் தெரிந்தே வெளியேறியிருக்கிறார்."

நான் எழுந்தே விட்டேன். "சார், நாலு பேர் வேணும்னு மேலதிகாரிங்களுக்கும் தெரியும். நானே போன் பண்ணிச் சொன்னேன். ஏன் ஆள் அனுப்பலைன்னு அவங்களைக் கேளுங்க. ஆள் கொடுக்காம எச்சரிக்கை மட்டும் கொடுத்தா அவங்க என்ன செய்வாங்க?"

"அது இந்த விசாரணையின் வரம்பில் இல்லை. உட்காருங்கள்."

நான் சொன்னதைச் சேர்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில், 'சாட்சி பொதுவான சில கருத்துகளையும் தெரிவித்தார்' என்று சேர்த்தார்கள். என்ன கருத்து என்று எழுதவில்லை. நான் கையெழுத்திடாமல் எழுந்து வந்தேன். அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை. எச்சரிக்கை போனதும் பொத்தான் அழுத்தப்பட்டதும் கணினியிலேயே இருந்தன. அவர்களுக்கு நான் தேவைப்படவே இல்லை.

வெளியே வராந்தாவில் அக்கா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "கத்தாதேன்னு கண்ணைக் காட்டினேன், நீ பாக்கலை" என்றார்.

"நான் வந்தது தப்பாப் போச்சா அக்கா?"

"நீ வரலைன்னாலும் இதான். உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல." சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "முன்னாடியெல்லாம் ஏதாச்சும் நடந்தா, தெரியல சார், திடீர்னு நடந்துபோச்சுன்னு சொல்லுவோம். திட்டிட்டு விடுவான். இப்ப அதைச் சொல்ல முடியாதில்ல? முன்னாடியே சொல்லிட்டீங்களே."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விலைவாசி பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார். ஆட்டோவில் கொண்டுவிடுகிறேன் என்றதற்கு, "நக்கோ, வேணாம்மா, பஸ் இருக்கு" என்று போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் அலுவலகத்தில் பிரியாணி. எங்கள் திட்டம் இன்னும் பல சிறைகளுக்கு விரிவாகப்போகிறது என்ற செய்தி வந்திருந்தது. தலைவர் பெரிய திரையில் படங்கள் போட்டுப் பேசினார். அதில் ஒன்றில் தசராவுக்குப் பிந்திய அந்த நாள் இருந்தது. என் கணிப்பின் சிவப்புக் கோடும், உண்மையில் நடந்த சம்பவத்தைக் குறிக்கும் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தியிருந்தன.

"பாருங்க, ஒரு வாரம் முன்னாடியே சொன்னோம். அப்படியே நடந்தது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், என்னுடைய கணிப்பு அல்லவா. எலும்பு உடைந்த அந்தக் கிழவிதான் எங்கள் துல்லியத்துக்குச் சான்று. நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மறுநாள் ராஜினாமா கொடுத்தேன். தலைவர் வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "இவ்வளவு நல்ல வேலையை யாராவது விட்டுட்டுப் போவாங்களா?" என்று கேட்டார். போகும்போது எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். லிஃப்ட் பக்கத்துக் குப்பைத்தொட்டி சின்னதாக இருந்தது, அதனால் வீடு வரை சுமந்தேன்.

அக்காவுக்கு இன்க்ரிமென்ட் வெட்டு, தொலைதூர மாவட்டத்தில் ஒரு கிளைச் சிறைக்கு மாற்றல். கேள்விப்பட்டதும் அல்வாலுக்குப் போனேன். ரயில்வே லைனை ஒட்டின சந்தில் சின்ன வீடு. அவர் கணவர் வாசல் அறையில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாரு?" என்றார். நான் சொல்வதற்குள் அக்கா உள்ளிருந்து, "கணக்கு மேடம்" என்றார். அவர் கையைக் குவித்துக் கும்பிட்டார், நான் நின்ற பக்கத்துக்கு இல்லை, கொஞ்சம் தள்ளி.

மாற்றலாகிப் போகிற ஊருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. வாரா வாரம் போகவேண்டிய கண் ஆஸ்பத்திரி இங்கேதான். கணவரின் தம்பி மனைவி காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அக்கா அவருடைய மருந்துகளை வேளைவாரியாகத் தனித்தனி டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார். கை தடவித் தெரிந்துகொள்வதற்காக மூடிகளில் ரப்பர் வளையம் போட்டார். காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு இரண்டு.

"மேல்முறையீடு செய்யலாம் அக்கா. நான் கூட வரேன். ஒரு வக்கீலைப் பார்த்து வச்சிருக்கேன்."

"எத்தனை வருஷம் ஆகும்?"

"சில வருஷம் ஆகலாம்னு வக்கீல் சொன்னார்."

"அதுக்குள்ள ரிடையர் ஆயிடுவேன். விடு." அடுத்த டப்பாவை மூடிக்கொண்டே, "அந்த வலிப்புப் பொண்ணு என்னைப் பாத்து அழுதுச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டு. விடவே இல்ல" என்றார்.

"அவ வெளிய வந்துட்டாளா?"

"எங்க? போன தடவை வாய்தா. கூட்டிப்போக ஆள் இல்லையாம். அங்க இப்ப ஒருத்திதான் இருக்கா. என் இடத்துல இன்னும் யாரையும் போடலை."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். ரசமும் கத்தரிக்காய்க் கூட்டும். அவர் கணவருக்குச் சோற்றைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்துக்கொண்டே, எனக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டார். அந்த வீட்டில் வைத்து நான் அழவில்லை. அல்வால் பஸ் நிறுத்தத்தில் ஒரு தெலுங்குக்காரப் பெண்மணி தண்ணீர் பாட்டிலை நீட்டிய பிறகுதான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

பிறகு இரண்டு மூன்று முறை போன் செய்தேன். எடுத்தார், நன்றாகத்தான் பேசினார், ஆனால் அவராக ஒருமுறையும் கூப்பிடவில்லை. நானும் நிறுத்திவிட்டேன்.

இப்போது நகரமெங்கும் கிளைகள் உள்ள ஒரு மளிகை அங்காடிக்கு வேலை செய்கிறேன். பண்டிகை வாரங்களில் எந்தக் கிளையில் பில் போட எத்தனை பேர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதே கணக்கு, அதே முறை. சங்கராந்திக்கு முன்னால் மியாபூர் கிளைக்குக் கூடுதலாக நாலு பேர் வேண்டும் என்று ஒரு காலையில் எழுதி அனுப்பினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் நாலு பேரும் அங்கே இருந்தார்கள். கிளை மேலாளர் போன் செய்து நன்றி சொன்னார்.

"இவ்வளவு சீக்கிரம் ஆள் அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அனுப்பாம என்ன மேடம்? வரிசை நீண்டுபோனா ஜனங்க பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்களே" என்றார்.

ஆமாம் என்றேன்.